எது வரைக்கும் வந்தது?

ஆடிக் காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக இறங்கி கோவைக்குப் பக்கத்து மதுக்கரையை உலுக்கிக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம். மார்க்கெட் ரோட்டில் இருக்கும் என் கம்ப்யூட்டர் சென்டரின் ஷட்டர் ஓயாமல் தடதடத்தது. லேப்டாப் பையை வயிற்றோடு அணைத்தபடி ஒரு தம்பி உள்ளே வந்தான். பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ், இரண்டாம் ஆண்டு. மூன்று நாளில் லினக்ஸ் பிராக்டிக்கல்.

“அக்கா, விர்ச்சுவல்பாக்ஸுல உபுண்டு போட்டேனுங்க. வேலை செய்ய மாட்டேங்குதுங்க.”

“எது வரைக்கும் வந்துச்சு கண்ணு?”

அவன் விழித்தான். வேலை செய்யவில்லை என்று சொன்ன பிறகு இது என்ன கேள்வி என்பது முகத்தில் தெரிந்தது.

அது என் அப்பாவின் கேள்வி. இதே ஊரில் முப்பது வருடம் மோட்டார் ரீவைண்டிங் செய்தவர் அவர். கிணற்று மோட்டார் ஓடவில்லை என்று தோட்டத்துக்காரர்கள் வந்து நின்றால், எடுத்த எடுப்பில் மோட்டாரைக் கழற்ற மாட்டார். டெஸ்ட் லேம்ப்போடு போவார். மீட்டர் பெட்டியில் மூன்று ஃபேஸும் இருக்கிறதா, ஃபியூஸ் தாண்டி வருகிறதா, ஸ்டார்ட்டருக்குள் நுழைகிறதா, அதைவிட்டு வெளியே போகிறதா என்று ஒவ்வொரு இடமாக விளக்கை வைத்துப் பார்ப்பார். “கரண்டு எது வரைக்கும் வருதுன்னு பாரு கண்ணு. வந்த எடத்துக்கும் வராத எடத்துக்கும் நடுவுலதான் கோளாறு” என்பார். பாதிக்கு மேற்பட்ட வேலை ஃபியூஸிலேயே முடிந்துவிடும். காயிலைப் பிரித்துப் போட்ட பிறகு ஃபியூஸ்தான் போயிருக்கிறது என்று தெரிந்தால், அந்தக் காயிலுக்கு யார் காசு கொடுப்பது?

கம்ப்யூட்டருக்கும் எனக்கு இதுதான் பாடம். லினக்ஸ் ஏறவில்லை என்று வருகிற பிள்ளைகள் எல்லோரும், அழித்துவிட்டு மறுபடி மறுபடி முதலிலிருந்து போட்டுப் பார்த்துவிட்டுத்தான் வருகிறார்கள். இந்தத் தம்பி நான்கு தடவை போட்டிருந்தான். நான்கு தடவையும் ஒரே இடத்தில் நின்றிருக்கிறது.

விர்ச்சுவல் மெஷின் என்பதை அறியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. தோட்டத்தில் ஒரு மூலையைக் குத்தகைக்கு விடுகிறோம். மண் நம்முடையது, கிணறு நம்முடையது. ஆனால் அந்த மூலையில் என்ன வெள்ளாமை வைப்பது என்பது குத்தகைக்காரர் இஷ்டம். அவர் பயிர் காய்ந்தாலும் நம் தென்னைக்கு ஒன்றும் ஆகாது. அதுபோல, ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸ் லேப்டாப்பின் நினைவகத்திலும் ஹார்ட்டிஸ்க்கிலும் ஒரு பங்கை ஒதுக்கி, அதற்குள் இன்னொரு முழுக் கம்ப்யூட்டர் இருப்பதாக ஒரு புரோகிராம் காட்டுகிறது. உள்ளே ஏறும் லினக்ஸ், தனக்கென்று ஒரு முழுக் கம்ப்யூட்டர் இருப்பது போலவே ஓடும். அதன் ஹார்ட்டிஸ்க் என்பது விண்டோஸுக்கு வெறும் ஒரு ஃபைல். பிடிக்கவில்லையா, அந்த ஃபைலை அழித்தால் முடிந்தது.

யோசனை புதிது அல்ல. 1960களில் ஐபிஎம் நிறுவனத்தார், ஒரே பெரிய மெஷினைப் பலபேர் தனித்தனி மெஷின் போல ஆள வழி கண்டார்கள். 1972இல் அது விஎம்/370 என்ற பெயரில் வெளிவந்தது. நம் பிள்ளைகள் கையில் இருக்கும் விர்ச்சுவல்பாக்ஸ், ஜெர்மனியின் இன்னோடெக் நிறுவனம் 2007இல் வெளியிட்டது. அடுத்த ஆண்டே சன் நிறுவனம் அதை வாங்கியது. 2010இல் சன்னை ஆரக்கிள் வாங்கியபோது இதுவும் சேர்ந்து போனது.

ஒரு வீட்டுக்கு ஒரு லேப்டாப் என்று இருக்கும் எங்கள் பக்கத்தில் இதன் அருமை பெரிது. அண்ணன் புராஜெக்ட், தங்கை ஆன்லைன் பாடம், அப்பாவின் வண்டிக் கணக்கு எல்லாம் அந்த ஒன்றில்தான். அதில் நேரடியாக லினக்ஸ் போடுகிறேன் என்று ஹார்ட்டிஸ்க்கைத் தப்பாகப் பிரித்துவிட்டால் வீடே அழும். அப்படி ஒரு வீடு அழுததை நான் பார்த்திருக்கிறேன். தங்கச்சி பிறந்ததிலிருந்து எடுத்த போட்டோ அத்தனையும் போய்விட்டது. விர்ச்சுவல் மெஷினுக்குள் எதை உடைத்தாலும் அந்தப் பயம் இல்லை. கற்றுக்கொள்கிறவனுக்கு உடைத்துப் பார்க்க ஓர் இடம் வேண்டும்.

சரி, தம்பியின் லேப்டாப்புக்கு வருகிறேன். டெஸ்ட் லேம்ப்பை முதல் இடத்தில் வைக்க வேண்டும். அது பயாஸ், விண்டோஸ் எழும்பும் முன்பே விழிக்கும் அடிப்படை மென்பொருள்.

இன்டெல் 2005இலும் ஏஎம்டி 2006இலும் தங்கள் சிப்புகளிலேயே விர்ச்சுவல் மெஷினுக்கென்று தனி வசதி வைக்க ஆரம்பித்தன. ஆனால் பல லேப்டாப்புகளில் அது அணைத்து வைக்கப்பட்ட நிலையில்தான் கடையிலிருந்து வருகிறது. விர்ச்சுவல்பாக்ஸும் 6.1 பதிப்பிலிருந்து இந்த வசதி இல்லாமல் மெஷினை ஓட்டுவதை விட்டுவிட்டது. புது மெஷின் உண்டாக்கும்போது 32 பிட் பட்டியல் மட்டும் தெரிந்து, 64 பிட் கண்ணிலேயே படாவிட்டால் பெரும்பாலும் காரணம் இதுதான். லேப்டாப்பை அணைத்துப் போட்டவுடன் எஃப்2, எஃப்10, டெலீட் என்று அந்தந்தக் கம்பெனிக்குரிய விசையை அமுக்கிப் பயாஸுக்குள் போனால், இன்டெல் என்றால் விர்ச்சுவலைசேஷன் டெக்னாலஜி என்றும் ஏஎம்டி என்றால் எஸ்விஎம் மோடு என்றும் ஒரு வரி இருக்கும். அதை எனேபிள் செய்து, சேமித்து வெளியே வர வேண்டும். இரண்டு நிமிட வேலை. தம்பி இதைத் தாண்டியிருந்தான்.

அடுத்த இடம், லினக்ஸை ஏற்ற நாம் இறக்கி வைக்கும் ஐஎஸ்ஓ ஃபைல். உபுண்டு டெஸ்க்டாப் இப்போது 5, 6 ஜிபி வருகிறது. போன் ஹாட்ஸ்பாட்டில் இறக்கும்போது நடுவில் அறுந்து போன ஃபைல், பார்க்க முழுசு போலவே இருக்கும். அதை வைத்து ஏற்றினால் பாதியிலோ முக்கால்வாசியிலோ நிற்கும். இப்படி நடுவில் நின்றால் நான் முதலில் சந்தேகப்படுவது ஃபைலைத்தான். உபுண்டு தளத்தில் ஒவ்வோர் ஐஎஸ்ஓவுக்கும் எஸ்எச்ஏ256 என்று 64 எழுத்து நீளத்தில் ஒரு கைரேகை போட்டிருப்பார்கள். நாம் இறக்கிய ஃபைலின் கைரேகையை விண்டோஸே கணக்கிட்டுச் சொல்லும். ஓர் எழுத்து மாறினாலும் அந்த ஃபைலைத் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி இறக்க வேண்டும். எங்கள் சென்டரில் சரிபார்த்த ஐஎஸ்ஓவைப் பென்டிரைவில் வைத்திருக்கிறேன். கேட்டு வருகிறவர்களுக்கு அதில்தான் கொடுக்கிறேன்.

பிறகு பங்கீடு. நான்கு ஜிபி ராம் இருக்கும் லேப்டாப்பில் மூன்றை உபுண்டுவுக்கு எழுதி வைத்தால், விண்டோஸுக்கு மூச்சு முட்டி இரண்டும் சேர்ந்து உறைந்துவிடும். ராம் ஒதுக்கும் கோட்டில் பச்சை, சிவப்பு என்று விர்ச்சுவல்பாக்ஸே எல்லை போட்டிருக்கிறது. பச்சைக்குள் நிற்க வேண்டும். பச்சைக்குள் நின்றால் உபுண்டுவுக்குப் பற்றாது என்றால், அதன் இலகுவான வடிவங்களான லுபுண்டுவோ சுபுண்டுவோ போட்டால் போதும். உள்ளே ஓடுவது அதே லினக்ஸ்தான், கற்கும் கட்டளைகளும் அதேதான். ஹார்ட்டிஸ்க்கில் கஞ்சம் பிடிக்கக் கூடாது. உபுண்டு டெஸ்க்டாப்புக்கு 25 ஜிபி சொல்கிறார்கள். டைனமிக் என்று தேர்ந்தெடுத்தால் அந்த 25ஐயும் உடனே எடுத்துக்கொள்ளாது, நிரம்ப நிரம்பத்தான் வளரும். தம்பி 8 ஜிபி ராமில் 4, டிஸ்க்கில் 25 என்று ஒழுங்காகத்தான் கொடுத்திருந்தான்.

அடுத்து, திரையில் ஆமை இருக்கிறதா என்று பார்த்தேன். விண்டோஸ் தன் சொந்த விர்ச்சுவல் மெஷின் வசதியான ஹைப்பர்வியை ஓட்டிக்கொண்டிருந்தால், சிப்பின் அந்த வசதி அதன் கைக்குள் போய்விடும். விர்ச்சுவல்பாக்ஸ் அதன் முதுகில் ஏறித்தான் ஓட வேண்டும். அப்போது மெஷின் ஜன்னலின் கீழ்ப்பட்டையில் ஒரு பச்சை ஆமைப் படம் தெரியும். எல்லாம் நத்தை வேகத்தில் நகரும். ஹைப்பர்வியை அணைத்தால் வேகம் வரும். ஆனால் விண்டோஸின் பாதுகாப்பு வசதி ஒன்று, மெமரி இன்டக்ரிட்டி என்பது, இதையே நம்பியிருக்கிறது. பிராக்டிக்கலுக்காக அதை அணைத்தவர்கள் முடிந்ததும் திரும்பப் போட்டுவிட வேண்டும். பேங்க் வேலையும் அதே லேப்டாப்பில் பார்க்கிறவர்கள் அணைக்காமல் மெதுவாகவே ஓட்டிக்கொள்ளட்டும் என்பது என் கட்சி.

ஆமை இல்லை. கறுப்புத் திரையும் இல்லை. அதுவும் நிறையப் பேருக்கு வரும். படக் கட்டுப்பாட்டை விஎம்எஸ்விஜிஏ என்று வைத்து, வீடியோ மெமரியை 128 எம்பிக்கு ஏற்றி, முப்பரிமாண வேகத்தை அணைத்தால் பெரும்பாலும் படம் வந்துவிடும். மூன்றையும் ஒரே நேரத்தில் மாற்றாதீர்கள். ஒன்றை மாற்று, ஓட்டிப் பார், நோட்டில் எழுது, பிறகு அடுத்தது. மூன்றையும் சேர்த்து மாற்றிச் சரியானால் எதனால் சரியானது என்று தெரியாது. அடுத்த தடவை மறுபடி இருட்டில் நிற்போம்.

இன்னொன்று, பார்க்கவே பாவமாக இருக்கும். ஒரு பெண் பிள்ளை இரண்டு நாளாக “நெக்ஸ்ட் பட்டனே இல்லைங்க்கா” என்று சொல்லிக்கொண்டிருந்தாள். திரை சின்ன அளவில் திறந்ததால் பட்டன் ஜன்னலுக்குக் கீழே மறைந்திருந்தது. ஆல்ட் விசையைப் பிடித்தபடி ஜன்னலை மேலே இழுத்தோம், பட்டன் வந்தது. எல்லாம் ஏறி முடிந்த பிறகும் திரும்பத் திரும்ப இன்ஸ்டாலரே வந்து நிற்கிறது என்பவர்களுக்கு, மெஷினின் சிடி டிரைவில் ஐஎஸ்ஓ இன்னும் மாட்டியபடி இருக்கும். கழற்றினால் போதும்.

தம்பியின் மெஷின் இந்த எல்லா இடத்தையும் தாண்டி, பயனர் பெயர் கேட்டு, உள்ளே விட்டு, உபுண்டுவின் முகப்பு வரைக்கும் அழகாக வந்து நின்றது. “டெர்மினல் மட்டும் தொறக்க மாட்டேங்குதுங்க்கா” என்றான். ஐகானை அமுக்கினான். மேலே ஒரு சின்னச் சக்கரம் சுற்றியது. பிறகு அதுவும் மறைந்தது. ஒரு செய்தி இல்லை, எச்சரிக்கை இல்லை. லினக்ஸ் பிராக்டிக்கலுக்குப் போகிறவனுக்குக் கட்டளை அடிக்கும் டெர்மினல்தானே உயிர்!

சத்தம் போடாத கோளாறுதான் கஷ்டம். சத்தம் எங்கே போகிறது என்று தேட வேண்டும். பயனர் பெயரைப் பார்த்தேன்: விபாக்ஸ்யூசர். “இந்தப் பேரு நீ வச்சதா?” “இல்லைங்க்கா, அதுவா வந்துச்சு.” பாதி விடை கிடைத்துவிட்டது.

2022 அக்டோபரில் வந்த விர்ச்சுவல்பாக்ஸ் 7இல், ஐஎஸ்ஓவைக் காட்டியவுடன் கேள்வியே கேட்காமல் தானே லினக்ஸை ஏற்றிக்கொடுக்கும் முறை முன்னால் வந்துவிட்டது. அதை வேண்டாம் என்று சொல்ல ஒரு சின்னக் கட்டம் இருக்கிறது. அதில் டிக் போடாமல் நெக்ஸ்ட் அமுக்கினால் தானியங்கி முறைதான். பயனர் பெயர் விபாக்ஸ்யூசர், பாஸ்வேர்டு ‘சேஞ்ச்மீ’ என்று அதுவே எழுதிக்கொள்ளும். உபுண்டு 22.04ஐ அப்படி ஏற்றினால் இரண்டு குறை வருகிறது. அந்தப் பயனருக்கு நிர்வாக உரிமை கிடைப்பதில்லை. மொழி அமைப்பும் அரைகுறையாக நிற்கிறது.

டெர்மினல் இல்லாவிட்டாலும் லினக்ஸுக்குள் போகப் பின்வாசல் உண்டு. வலது கன்ட்ரோல் விசையோடு எஃப்3ஐ அமுக்கினேன். வண்ணத் திரை மறைந்து, வெறும் எழுத்து மட்டும் வரும் கறுப்புத் திரை வந்தது. தம்பி ஒரு நிமிடம் பதறிவிட்டான். “போயிருச்சுங்களாக்கா?” போகவில்லை, இன்னொரு அறைக்கு வந்திருக்கிறோம் என்றேன். பெயரையும் பாஸ்வேர்டையும் அடித்து உள்ளே போனோம். அவன் தனக்குத் தெரிந்த, நிர்வாக உரிமை கேட்கும் சூடோ கட்டளையை அடித்தான். இந்தப் பயனர் பட்டியலில் இல்லை, இந்தச் சம்பவம் அறிவிக்கப்படும் என்று பதில் வந்தது. பிள்ளைகள் இந்த வரியைப் பார்த்து உண்மையாகவே பயப்படுகிறார்கள். அறிவிக்கப்படுவது அந்த மெஷினின் நிர்வாகிக்குத்தான். இங்கே நிர்வாகியும் அவனேதான்.

ரூட் என்ற தலைமைப் பயனருக்கும் தானியங்கி முறை அதே பாஸ்வேர்டைத்தான் வைத்திருக்கும். அதை வைத்து ரூட்டாக மாறி, மெஷினின் பதிவேட்டைத் திறந்தோம். டெர்மினல் திறக்க மறுத்த ஒவ்வொரு தடவையும் அதே புலம்பல் அங்கே வரிசையாக எழுதியிருந்தது: யூடிஎஃப்-8 அல்லாத மொழி அமைப்பை ஏற்க முடியாது.

“படிச்சுச் சொல்லு கண்ணு.” படித்தான். “யூடிஎஃப் எயிட்னா என்னங்க்கா?”

இந்தக் கேள்விக்கு நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். உலகத்தின் எல்லா மொழி எழுத்துகளையும் ஒரே வரிசையில் எண் போட்டு வைத்தது யூனிகோடு. அந்த எண்களைக் கம்ப்யூட்டர் எழுதி வைக்கும் முறை யூடிஎஃப்-8. கென் தாம்சனும் ராப் பைக்கும் 1992 செப்டம்பரில், நியூ ஜெர்சியில் ஓர் உணவு விடுதி மேசையில் விரித்திருந்த தாளில் எழுதி வடிவமைத்தது. ‘க’ என்று அடித்தால் உள்ளே மூன்று பைட்டுகளாகப் போய் உட்காருகிறது. அதற்கு முன்னால் தமிழ் பட்ட பாடு என் தலைமுறைக்குத் தெரியும். ஒருவர் ஒரு எழுத்துருவில் அடித்த கடிதம் இன்னொருவர் கம்ப்யூட்டரில் குப்பையாகத் தெரியும். யூனிகோடையும் டேஸ் 16 என்ற தமிழ்க் குறியீட்டையும் தமிழக அரசு அதிகாரபூர்வத் தரமாக அறிவித்தது 2010 ஜூனில், இதே கோவையில் செம்மொழி மாநாடு நடந்தபோது. நம் ஊரில் அறிவித்த ஒன்று இல்லாமல் போனதால்தான் உன் டெர்மினல் கதவைச் சாத்திக்கொண்டது என்று சொன்னபோது, தம்பி திரையை வேறு கண்ணோடு பார்த்தான்.

மொழி அமைப்பு எழுதியிருக்கும் ஃபைலைத் திறந்தோம். ஒரே வரி. அமெரிக்க ஆங்கிலம் என்று இருந்தது. அதன் வாலில் புள்ளி வைத்து யூடிஎஃப்-8 என்று இருக்க வேண்டியது இல்லை. அவனையே சேர்க்கச் சொன்னேன். மொழி அமைப்பை மறுபடி உண்டாக்கும் கட்டளையை அடித்தான். அதோடு விபாக்ஸ்யூசரைச் சூடோ குழுவில் சேர்த்தோம். சேர்க்கும் கட்டளையில் ‘ஏ’ என்ற எழுத்தை விடக் கூடாது. விட்டால் பயனர் மற்றக் குழுக்களிலிருந்து வெளியே போய்விடுவார். மெஷினைத் திரும்ப ஓட்டினோம். ஐகானை அமுக்கினான். டெர்மினல் திறந்து, கர்சர் துடித்தது. முதல் வரியாக அவன் தன் பெயரைத் தமிழில் அடித்துப் பார்த்தான்.

முழுசாக நாற்பது நிமிடம் ஆயிற்று. ஐந்தாவது தடவையாக அழித்துப் போட்டிருந்தால் ஒரு மணி நேரம் ஆகியிருக்கும், அதே இடத்தில்தான் நின்றிருக்கும்.

இதை எழுதும்போது வாளையார் ஞாபகம் வருகிறது. எங்கள் ஊரைத் தாண்டி அந்தச் செக்போஸ்ட்டைக் கடந்தால் கேரளா. 2001இல் ஐடி அட் ஸ்கூல் என்று ஆரம்பித்து, 2017இல் கைட் என்ற நிறுவனமாக மாறிய அமைப்பு, அங்கே அரசுப் பள்ளிக் கம்ப்யூட்டர்களில் லினக்ஸ் போன்ற கட்டற்ற மென்பொருளைத்தான் வைத்திருக்கிறது. அந்தப் பக்கத்திலிருந்து கோவைக் கல்லூரிகளுக்கு வரும் பிள்ளைகள் என் சென்டருக்கு வந்தால், டெர்மினலைக் கண்டு மிரள்வதில்லை. நம்மிடமும் வாய்ப்பு வந்தது. 2011 செப்டம்பரில் தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்த்தே கொடுத்தார்கள். சென்னை சி-டாக் உருவாக்கிய, டெபியன் வழி வந்த லினக்ஸ் அது. என்னிடம் வந்த லேப்டாப்புகளில் பாதிக்கு மேல், இடம் அடைக்கிறது என்று அதை அழித்துத்தான் வைத்திருந்தார்கள். கொடுத்தவர்கள் மேல் குறை இல்லை. நின்று போனால் பக்கத்தில் உட்கார்ந்து எது வரைக்கும் வந்தது என்று கேட்க ஆள் இல்லை. 2012 முதல் கணியம் போன்ற முயற்சிகள் லினக்ஸைத் தமிழிலேயே எழுதி இலவசமாகத் தருகின்றன. படிக்க நூல் இல்லை என்று இப்போது யாரும் சொல்ல முடியாது.

படிக்கிற பிள்ளைகளிடம் நான் கேட்டுக்கொள்வது இரண்டு. மெஷின் நல்லபடியாக ஓடும் அன்றே ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்து வையுங்கள். பிறகு எதை உடைத்தாலும் அந்த நிமிடத்துக்குத் திரும்பிவிடலாம். நின்று போனால், அழிப்பதற்கு முன் திரையில் வந்த செய்தியைப் போனில் முழுசாகப் படம் பிடித்துக்கொள்ளுங்கள், பாதி வரி வெட்டாமல். அந்தப் படத்தோடு யாரிடம் போனாலும் உதவி கிடைக்கும். மதுக்கரைப் பக்கம் இருப்பவர்கள் என்னிடம் வரலாம். லினக்ஸ் சந்தேகத்துக்கு நான் காசு வாங்குவதில்லை.